பெயர் சொல்லாமல் ஒரு ஜெபம்

ஒரு மனிதனை ஊர் முன்னிலையில் உரித்துக் காயப்போட வேண்டுமென்றால் ஏசத் தேவையில்லை. அவனுக்காகச் சத்தமாக ஜெபித்தால் போதும். ஏசினால் திருப்பி ஏசலாம். ஜெபத்துக்கு யார் மறுமொழி சொல்வது? கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டுவிட்டு ஆமென் சொல்ல வேண்டும். நானும் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சேர்ச்சில் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்ன ஆள் நான்தான். பயத்தில் வந்த சத்தம் அது. பக்தி என்று நினைத்து எனக்கு முன்வாங்கில் இருந்தவர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

விசயம் என் கால்விரல். இடது காலில், பெருவிரலுக்குப் பக்கத்து விரல்.

எனக்குத் திருகோணமலை உள்துறைமுகப் பக்கமாக ஒரு சின்ன எஞ்சின் திருத்தும் கடை இருக்கிறது. மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டுவதுதான் தொழில். ஒருநாள் பெரிய ஸ்பானர் ஒன்று காலில் விழுந்தது. வலிக்கவில்லை. எஞ்சின் எடுக்க வந்து நின்ற வள்ளச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம், "பாத்தியளே, இரும்புக் கால்" என்று காலைத் தூக்கிக் காட்டினேன். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ளவனுக்குக் கால் வலிக்காமல் இருப்பது பெருமைப்படுகிற சங்கதி இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது. தெரியும் என்றும் சொல்லலாம். கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் சொன்னார்கள்தான். நான் அந்த நேரத்தில் வெளியே கொத்துரொட்டி போடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

விரல் முதலில் சிவந்தது, பிறகு ஊதா, பிறகு கறுப்பு. கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் மகள் வயதில் ஒரு டொக்டர் பிள்ளை.

"ஐயா, இந்த விரல் இனிச் சரிவராது. எடுக்க வேணும். விட்டால் மேல ஏறும்."

"மேல எண்டால் எவ்வளவு மேல, டொக்டர்?"

அந்தப் பிள்ளை பேனையால் என் கணுக்காலைக் காட்டியது. பிறகு முழங்காலைக் காட்டியது.

"கழுத்துக்கு மேல போகாதுதானே?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. வாட்டில் வந்து படுக்க வேண்டிய நாளை எழுதித் தந்தது.

வெளியே வந்தேன். பயம் வந்தால் சிலருக்குக் கடவுளின் ஞாபகம் வரும். எனக்கு ரின்பால் தேத்தண்ணியின் ஞாபகம் வந்தது, பேணியில் வருகிற இனிப்புப் பால் விட்டது. எதிர்க் கடையில் ஒன்று வாங்கிப் பாதி குடித்த பிறகுதான் ஒரு காலில் செருப்பு இல்லை என்று கண்டேன். புண் காலுக்குத்தான் செருப்பு இருந்தது. நல்ல காலின் செருப்பை டொக்டரின் மேசைக்குக் கீழே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

மனைவிக்கு உடனே சொல்லவில்லை. முதலில் நான் பயந்து முடிக்க வேண்டும், பிறகு ஆறுதலாக அவளுக்குச் சொல்லலாம் என்பது என் திட்டம். ஒரு வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பயந்தால் சோறு சமைப்பது யார்? ஆனால் யாரிடமாவது சொல்லாமல் இருக்கவும் ஏலவில்லை. ஆகவே என் கூட்டாளியிடம் சொன்னேன்.

அவன் ஸ்கூல் வான் ஓட்டுகிறவன். இளந்தாரிக் காலத்திலிருந்து சேர்ச்சில் நாங்கள் இருவரும் ஒரே வாங்குதான். கடைசிக்கு முதல் வாங்கு, காற்றாடிக்குக் கீழே. பிரசங்கம் நீண்டால் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்து எழுப்பி வளர்ந்தவர்கள். அவனுடைய மனைவிக்கு ஒரு வருத்தம் வந்து, லிங்கநகரில் ஒரு ஜெப வீட்டில் ஜெபித்துச் சுகமான பிறகு, காலையில் எங்கள் சேர்ச், பின்னேரம் அந்த ஜெப வீடு என்று இரண்டு பக்கமும் போய்வந்தான். அதற்குப் பிறகு என்னை "மச்சான்" என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு "பிரதர்" என்று கூப்பிடத் தொடங்கினான். அப்போதே நான் உசாராகியிருக்க வேண்டும்.

அவன் என் கடைக்கு வந்து, கவிழ்த்து வைத்த பெட்டியில் இருந்துகொண்டு விரலைப் பார்த்தான். முகம் உண்மையாகவே வாடிப்போயிற்று. அதை இன்றுவரை மறுக்க மாட்டேன்.

"ஒருத்தருக்கும் சொல்லாத. வீட்டயும் சொல்லேல்ல" என்றேன்.

"சீ, நான் ஆருக்குச் சொல்லப்போறன்?" என்றான். அதோடு நின்றிருந்தால் நல்லது. "பிரதர், வேதத்தில ஆசா ராசாவுக்கும் காலிலதான் வருத்தம். அவர் கர்த்தரைத் தேடாமல் வைத்தியரைத் தேடினவர். பிறகு என்ன நடந்தது?"

"செத்துப்போனார்."

"பாத்தியோ?"

"வைத்தியரைத் தேடாத ராசாக்கள் எல்லாம் இன்னும் உயிரோடயோ இருக்கினம்?"

அவன் சிரிக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தான். நான் விடவில்லை.

"எசேக்கியா ராசாவின்ர கட்டிக்கு அத்திப்பழம் வைச்சுக் கட்டச் சொன்னது ஆர்? தீர்க்கதரிசிதானே? அது மருந்தில்லையோ?"

"அத்திப்பழம் விரலை வெட்டாது, பிரதர்."

உண்மையைச் சொன்னால், அவன் சொன்னதில் எனக்குப் பிடித்தது இதுதான்.

"உன்ர வருத்தம் உன்ர வாயால வந்தது" என்று தொடர்ந்தான். "சனிக்கிழமைப் போத்தல், ரின்பால், இரவில கொத்துரொட்டி. முதல்ல அதுக்கு மனந்திரும்ப வேணும்."

"நீதிமான் யோபுவுக்குப் புண் எந்தப் போத்தலால வந்தது?"

"யோபு கொத்துரொட்டி சாப்பிடேல்ல."

இருவரும் சிரித்துவிட்டோம். அன்று அவன் போகும்போது என் தோளில் கையை வைத்து, "உனக்காக ஜெபிக்கிறன்" என்றான். நன்றாக இருந்தது. பாரம் இறங்கியதுபோல் வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஞாயிறு வந்தது. எங்கள் சேர்ச்சில் பிரசங்கத்துக்குப் பிறகு, ஆராதனைக்கு வந்தவர்களில் விரும்பியவர்கள் எழும்பி மற்றவர்களுக்காக ஜெபிக்கலாம். என் பக்கத்தில் இருந்த கூட்டாளி எழும்பினான். நான் முழங்காலை ஒதுக்கி இடம் கூடக் கொடுத்தேன்.

"ஆண்டவரே, பேர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரனை உம்முடைய பாதத்தில வைக்கிறோம்."

நல்லது, யாரோ பாவம் என்று நினைத்தேன்.

"துறைமுகப் பக்கம் எஞ்சின் திருத்துகிற அந்தச் சகோதரன், ஆண்டவரே."

திருகோணமலையில் எஞ்சின் திருத்துகிறவர்கள் எத்தனையோ பேர் என்று மனதைத் தேற்றினேன்.

"கடைசிக்கு முதல் வாங்கில், காற்றாடிக்குக் கீழ இருக்கிற சகோதரன்."

அந்த வாங்கில் அன்று நானும் அவனும்தான். அவன் நின்றுகொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு ஒன்றும் மிச்சமில்லை. விரல் எந்தக் காலில் எத்தனையாவது விரல், அது என்ன நிறம், டொக்டர் என்ன சொன்னார், சனிக்கிழமைகளில் நான் என்ன குடிக்கிறேன், தேத்தண்ணியில் என்ன விடுகிறேன், இதை வீட்டுக்கு எப்படி மறைத்திருக்கிறேன், எல்லாவற்றையும் ஆண்டவருக்கு விளங்கப்படுத்தினான். ஆண்டவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். தெரியாதவர்கள் அங்கே கண்மூடி இருந்தவர்கள்தான். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். சேர்ச் முழுவதும் ஆளுக்கொரு கண் திறந்திருந்தது. பெண்கள் பக்கத்தில் என் மனைவி மட்டும் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சகோதரனுக்கு மேல கத்தி படாமல் காத்துக்கொள்ளும், ஆண்டவரே" என்று முடித்தான்.

அப்போதுதான் அந்த ஆமென் வந்தது.

வெளியே மதிலோரம், ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று நின்று யாரோ போட்ட வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தது. சனம் அதைப் பார்ப்பதுபோல் என் காலைப் பார்த்தது. கூட்டாளியைப் பிடித்து ஓரமாக இழுத்தேன்.

"என்னடா செய்தனி?"

"பேர் சொன்னனானோ?" என்று கேட்டான். உண்மையாகவே கேட்டான். முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"பேரை மட்டுந்தான் விட்டனி. அடையாள அட்டை இலக்கத்தையும் சொல்லியிருக்கலாம்."

"பிரதர், இது கதை காவினது இல்ல. ஜெபம்."

மனைவியோடு வீட்டுக்கு வெளிக்கிட்டேன். ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் ஓட்டோ முக்கி முக்கி ஏறியபோது அவளைச் சிரிக்க வைக்க ஒரு பகிடி விட்டுப் பார்த்தேன். கேட்காததுபோல் இருந்தாள். வீட்டுக்குள் போனதும் பேசின் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"காட்டுங்கோ காலை."

காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"ஒரே பாயில படுக்கிறன். உங்கட விரல் அழுகினதை நான் ஜெபத்திலயோ கேட்டு அறியவேணும்?"

"உமக்குப் பயம் வரக்கூடாது எண்டு..."

"உங்கட கூட்டாளிக்குச் சொல்லலாம். எனக்குச் சொல்ல ஏலாது. என்னப்பா?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன். புண்ணைக் கழுவித் துடைத்து, சுத்தமான துணி சுற்றி, "டொக்டர் சொன்ன நாளுக்குப் போறம். வேற கதை இல்லை" என்றாள்.

அந்த நாள் வரும்வரை வீட்டில் ஒரே சனம். எல்லாரும் வேதத்தோடு வந்தார்கள். ஆசா கட்சி ஒரு பக்கம், எசேக்கியா கட்சி மறுபக்கம். ஒருவர் பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்கு மருந்து சொன்னதை எடுத்துக்காட்டினார். அது திராட்சரசம் என்று நான் ஞாபகப்படுத்தியதும் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அதை விட்டுவிட்டேன். போதகர் ஐயா வந்து, "டொக்டரையும் கடவுள்தான் தந்தவர், பேசாமல் போய்ப் படும்" என்று நாலு சொல்லில் முடித்தார். ஒவ்வொருவரும் போகும்போது என் காலைக் கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறதுக்கு முதல்நாள் பின்னேரம் கூட்டாளி வந்தான். கதிரை நுனியில் இருந்தான்.

"நான் அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது, மச்சான். மனசில வைக்காத. நாளைக்குப் பிள்ளையளை ஸ்கூலில இறக்கிப்போட்டு வாறன். நானே கொண்டுபோய் விடுறன்."

மச்சான் என்று சொன்னான். அந்த ஒரு சொல்லுக்கு நான் கரைந்துபோனேன். அவன் போனதும் மனைவி, "அவரோட போகவேண்டாம்" என்றாள். "பாவம், மனம் வருந்தி வந்திருக்கிறான்" என்றேன். மறுநாள் அவள் வாளி, பாய், பிளாஸ்க் எல்லாவற்றோடும் முதலே ஓட்டோவில் போனாள். டொக்டர் வாட்டில் நோயாளிகளைப் பார்க்க வருமுன் நான் அங்கே கட்டிலில் படுத்திருக்க வேண்டும்.

வான் வந்தது. வெறும் வான், பின் சீட்டில் யாரோ ஒரு பிள்ளை விட்டுப்போன தண்ணீர்ப் போத்தல் உருண்டுகொண்டிருந்தது. நான் முன்னால் ஏறினேன். ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டிய சந்தியில் வான் திரும்பவில்லை.

"எங்கயடா போறாய்?"

"ஒரு கால் மணித்தியாலம். ஒரு சின்ன ஜெபம். எண்ணெய் பூசிப்போட்டு நேர அங்கதான்."

"டேய், டொக்டர் வந்திடுவா!"

"டொக்டருக்கும் மேல ஒருத்தர் இருக்கிறார், பிரதர்."

மச்சான் போய்ப் பிரதர் திரும்பி வந்துவிட்டார். லிங்கநகரில் அந்த வீட்டின் முன்னால் வான் நின்றபோது வாசலில் சனம் காத்துக்கொண்டு நின்றது. உள்ளே யாரோ கீபோட் மெல்ல வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நான் வருவது முன்பே தெரியும். அதைக் கண்டதும்தான் எனக்கு விளங்கியது. நேற்றைய மன்னிப்பும், மச்சானும், கதிரை நுனியும் எல்லாம் இந்த வாசலுக்கு என்னைக் கொண்டுவரத்தான்.

வானின் கதவு பூட்டியிருக்கவில்லை. இறங்கி நொண்டி நொண்டி றோட்டுக்கு வந்து ஓட்டோ மறித்திருக்கலாம். ஏன் போகவில்லை என்று மனைவி பிறகு கேட்டாள். என் காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்து ஆறேழு பேர் பிடித்துக்கொண்டு கண்மூடி ஜெபிக்கிறார்கள், எப்படி இழுப்பது என்று சொன்னேன். அது பாதிதான். கத்தி இல்லாமல் தப்பலாம் என்று ஒருவர் சொன்னால், வெட்டப் போகிற விரலின் சொந்தக்காரன் ஒரு நிமிசமாவது நம்பிப் பார்ப்பான். நானும் நம்பிப் பார்த்தேன். பயந்தவனுக்குக் கொள்கை ஏது? நான் எவ்வளவோ பகிடி பண்ணிய ஆசா ராசாவிடம்கூட அந்த நேரத்தில் மன்னிப்புக் கேட்டேன்.

வாட்டிலிருந்து மனைவி எனக்குப் போன் அடித்தாள். சட்டைப்பையில் போன் நடுங்கியது. நானும் சேர்ந்து நடுங்கினேன். "இறங்குது, இறங்குது!" என்று ஒரு அக்கா சத்தமிட்டார். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். போன் நின்றது, நானும் நின்றேன். திரும்ப அடித்தது, திரும்ப நடுங்கினேன். அவள் அடிக்க அடிக்க எனக்குள் பரிசுத்த ஆவி இறங்கிக்கொண்டே இருந்தது. சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. கண்ணீரைப் பார்த்து மனந்திரும்பிவிட்டான் என்று இன்னொரு பாட்டுத் தொடங்கினார்கள். கூட்டாளி என் தலைக்குப் பின்னால் நின்று எல்லாரையும்விட உருக்கமாகப் பாடினான். அவனுடைய கை என் தோளில் சூடாக இருந்தது.

கால் மணித்தியாலம் என்றது மத்தியானம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது வாட் வாசலில் மனைவி வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருந்தாள். டொக்டர் வந்து போய்விட்டார். கட்டிலும் வேறொருவருக்குப் போய்விட்டது. அடுத்த தவணைக்கு வரச் சொன்னார்கள். மனைவி கூட்டாளியைப் பார்க்காமல் பிளாஸ்க்கை மட்டும் எடுத்துக்கொண்டு, ஓட்டோ நிற்கிற பக்கம் நடந்தாள்.

அடுத்த தவணை வருமுன் காய்ச்சல் வந்தது. நெருப்பாய்க் கொதித்த என்னை அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். ஒரு விரலுக்குப் போன நான் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு வந்தேன். மயக்கம் தெளிந்தபோது முதலில் மிச்ச விரல்களை எண்ணினேன். பிறகு காலையே திரும்ப ஒருமுறை பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.

பார்வையாளர் நேரத்தில் கூட்டாளி வந்தான். தோடம்பழம் கொண்டுவந்தான். மனைவி கட்டிலின் மறுபக்கம் போய்ச் சன்னலைப் பார்த்து நின்றாள்.

"கால் தப்பிச்சிதுதானே" என்றான். "ஜெபம் இல்லாட்டி முழங்காலோட போயிருக்கும். ஜெப வீட்டில எல்லாருக்கும் முன்னால சாட்சி சொன்னனான்."

அதைக் கேட்டபோதுதான் எனக்கு விரல் இல்லாத இடத்தில் முதன்முதலாக வலித்தது.

"என்ர விரலை வைச்சோ சாட்சி சொன்னனி?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "என்னை மன்னிக்கேலாதோ?" என்று கேட்டான்.

பாருங்கள், இவ்வளவு காலமும் ஆசாவா எசேக்கியாவா என்று அடிபட்டோம். வேதத்தில் எந்த இடத்தை எடுத்தாலும் அவனுக்கு ஒரு கருத்து, எனக்கு ஒரு கருத்து. இருவருக்கும் சந்தேகமே இல்லாத இடம் ஒன்று உண்டென்றால் அது மன்னிக்கச் சொல்கிற இடம்தான். அது போய் என் தலையில் விழுந்தது. இதில் வாதாட ஒரு ராசாவும் எனக்குக் கிடைக்கவில்லை.

"மன்னிச்சிட்டன்" என்றேன். "ஆனால் இனி உனக்கு ஒண்டும் சொல்லமாட்டன். காய்ச்சல் எண்டாலும் சொல்லமாட்டன். உன்ர வானிலயும் ஏறமாட்டன்."

"அப்ப அது மன்னிப்போ?"

"எனக்கு இவ்வளவுதான் ஏலும்."

இப்போது நான் ரின்பாலை விட்டுவிட்டேன். சனிக்கிழமைகளில் வெறும் சோடா. காலைப் பார்க்காமல் ஒருநாளும் படுப்பதில்லை. அதையெல்லாம் ஜெபமா டொக்டரா மனைவியா செய்தது என்று கேட்டால், பயம் என்றுதான் சொல்வேன். சேர்ச்சில் முன்வாங்குக்கு மாறிவிட்டேன். அங்கே காற்றாடி இல்லை. வேர்த்து ஒழுகும். பரவாயில்லை.

போன கிழமை ஒருநாள் புண்ணுக்கு மருந்து கட்டப் போக வேண்டியிருந்தது. மனைவிக்குத் தடிமன், தும்மிக்கொண்டு படுத்திருந்தாள். ஓட்டோ ஒன்றும் கிடைக்கவில்லை. பொல்லை ஊன்றிக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறுமையாக வந்த வான் பக்கத்தில் வந்து மெதுவானது.

"ஏறு மச்சான்."

"எங்க போறாய்?"

"ஆஸ்பத்திரிக்கு."

"அண்டைக்கும் அதுதான் சொன்னனி."

அவன் போகவில்லை. முதல் கியரில் என் நொண்டல் வேகத்துக்கு ஊர்ந்துகொண்டே வந்தான். பின்னால் வந்த பஸ் ஹோன் அடித்தது.

"போடா, பஸ்காரன் ஏசப்போறான்."

"ஏசட்டும். நான் என்ர பாட்டில போறன். றோட்டு உன்ரயோ?"

அப்படியே வந்தோம். நான் நின்று மூச்சு வாங்கினால் வானும் நின்றது. சனம் வேடிக்கை பார்த்தது. வழமையான நானாக இருந்தால் அந்த ஊர்வலத்துக்கு நல்ல பகிடி ஒன்று சொல்லியிருப்பேன். அன்று எஞ்சினின் சத்தத்தில் ஒரு பிளக் சரியாக அடிக்கவில்லை என்று மட்டும் கேட்டது. அதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால் அவன் கடைக்குக் கொண்டுவருவான், பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு இருப்பான், கதைப்பான். சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அவன் வானை ஓரமாக நிறுத்தினான். நான் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனேன். மருந்து கட்டுகிற நேர்ஸ் பிள்ளை பழைய துணியை அவிழ்த்துக்கொண்டே, வழமையாக மனைவி நிற்கிற இடத்தைப் பார்த்தது.

"இண்டைக்கு ஆரோட வந்தனீங்கள், ஐயா?"

"ஒருத்தரோடயும் இல்லை, பிள்ளை" என்றேன். "தனியத்தான் வந்தனான்."